கம்பத்தில் தொங்கும் கம்பெனி

எங்கள் ஊர் கேபிள் டிவி அண்ணாச்சி இன்டர்நெட் கம்பெனி தொடங்கிவிட்டார். லைசென்ஸில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. ஏ நாடு முழுக்க, பி மாநில அளவு, சி ஒரு சின்ன வட்டாரம். அண்ணாச்சி சி. டூரிங் டாக்கீஸ் தரை டிக்கெட் மாதிரிதான். ஆனால் விசிட்டிங் கார்டில் ‘மேனேஜிங் டைரக்டர்’.

தனியாருக்கு இந்தக் கதவைத் திறந்ததே 1998-இல்தான். அப்போது அண்ணாச்சி டெக் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

ஜிபான் என்கிற ஃபைபர் முறையில் ஓர் இழையில் வருவது நொடிக்குச் சுமார் இரண்டரை ஜிகாபிட். ஸ்ப்ளிட்டர் வைத்து அதை 64 வீட்டுக்குப் பிரிக்கலாம். ஆளுக்கு 100 எம்பி என்று விற்றால் 6.4 ஜிகா ஆகிறதே என்று கேட்டேன்.

“எல்லாரும் ஒரே பந்தியிலயா உக்காருவாங்க தம்பி?”

ஐ.பி.எல். ஃபைனல் அன்று உட்கார்ந்தார்கள்.

இழையின் கண்ணாடி 125 மைக்ரான், ஏறக்குறைய தலைமுடிப் பருமன். அறுந்தால் ஒட்ட தனி மெஷின், அதற்குத் தனிக் கடன். வைக்கோல் லாரிக்கு இதெல்லாம் தெரியுமா? போகிற போக்கில் கம்பத்தோடு சேர்த்து இழுத்துவிட்டுப் போய்விட்டது. ராத்திரி பதினொரு மணி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செல்போனை வாயில் கவ்வியபடி மேனேஜிங் டைரக்டர் ஏணி உச்சியில்.

கீழே ஒரு வாடிக்கையாளர்: “அண்ணாச்சி, நெட்டு கொஞ்சம் ஸ்லோவா இருக்கே?”

அறுந்த முனை அவர் கையிலேயே தொங்கியது. செல்போனை வாயிலிருந்து எடுத்தார்.

“ரௌட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க.”