ராக்கெட்டும் டூத் பிரஷ்ஷும்

ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குப் போகக்கூடாது. பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா, உத்தரவு அப்படி. 2022 நவம்பர் 26 அன்று அங்கிருந்து போனது ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள். கடலின் நிறத்தை மேலிருந்து அளந்து, மீன் எங்கே கூடும் என்று கணிக்க உதவுவது அதன் வேலைகளில் ஒன்று. மீன் இருக்கும் இடம் சொல்லப் போகிறவருக்கு வழிவிட்டு, மீன் பிடிக்கிறவர் கரையில் குந்தியிருக்க வேண்டும். நியாயம்தானே!

சொன்ன இடத்துக்குப் போக ஜிபிஎஸ் பெட்டி வேண்டும். அது உப்புக்காற்றில் செத்துக் கிடக்கும். அங்கேதான் சமுதாயக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த நம் பையன் வருகிறான். 1995-ல் புதுச்சேரியில் தொடங்கிய இந்த ஏற்பாடே உள்ளூர்ப் பிள்ளைக்கு உள்ளூர்த் தொழில் தரத்தான். பாடத்தில் டையோடு, டிரான்சிஸ்டர், ஓம் விதி எல்லாம் உண்டு. உப்பு மட்டும் கிடையாது. பெட்டியைத் திறந்தால் சர்க்யூட் போர்டு முழுக்கப் பச்சை பூத்திருக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷைத் தின்னரில் நனைத்துத் தேய்க்கிறான்.

"இதுக்காடா ஒரு வருஷம் படிச்ச?" என்கிறார் பெட்டியைக் கொண்டுவந்த மாமா. பெட்டி 'பீப்' என்றதும் கூலி கேட்குமுன் இரண்டு மடவை மீனை வைத்துவிட்டு நழுவுகிறார்.

அடுத்த ராக்கெட்டுக்கு அறிவிப்பு வந்தாயிற்று. அன்றைக்குத்தான் பையனுக்குக் கூட்டம் தாங்காது: ஊரே கரையில், பெட்டியும் கையுமாக.