மட்கார்டு மகாத்மியம்

சைக்கிளில் பெல்லைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் என்பது தாத்தா காலத்து நகைச்சுவை. என் சைக்கிளைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. அதில் பெல்லும் சத்தம் போடும். நான் தொடாமலே போடும். ஆனால் மட்கார்டு போடுகிற சத்தத்துக்கு முன்னால் பெல் வாய் திறக்கவே கூடாது.

நான் குடியிருப்பது கும்பகோணத்தில். பித்தளையும் வெண்கலமும் எவர்சில்வரும் நாள் முழுக்க உருட்டப்படுகிற, தட்டிப் பார்த்து வாங்கப்படுகிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தகரச் சத்தத்துக்கு ஜனங்கள் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்றால் அதைச் சாதனையாகத்தான் கொள்ள வேண்டும். நான் கொண்டேன். என் மனைவி கொள்ளவில்லை.

“நீங்க தெருமுனை திரும்பும்போதே இங்க கேக்குதுங்க. சரி, அப்பவே அடுப்புல டீக்குப் பால் வெச்சிடலாம், அது ஒரு சௌகரியம். ஆனா எதிர்வீட்டு அம்மாவும் ‘உங்க வீட்டுக்காரர் வர்றாரு, பாலை வைங்க’ன்னு குரல் குடுக்குறாங்க. மானம் போகுது.”

இத்தனைக்கும் சைக்கிள் வாங்கியதே மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். நடந்தால் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் நின்று, வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்று கணக்கு ஒப்பிக்க வேண்டியிருந்தது. சைக்கிளில் போனால் தலையை அசைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். யார் கண்ணிலும் படாமல் தாராசுரம் மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். திட்டம் போட்டபோது மட்கார்டைக் கலந்துகொள்ளவில்லை.

வண்டி 22 இன்ச் கறுப்பு ரோட்ஸ்டர். கம்பி பிரேக், முழு செயின் கவர், அரிசி மூட்டை தாங்கும் கேரியர். கைமாறி வந்தது. இந்த வண்டிகளின் சரித்திரம் எனக்கு அத்துப்படி. டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னையில் 1949-இல் பிறந்தது. அட்லஸ் 1951-இல் சோனிபட்டில். ஹீரோ சைக்கிள்ஸ் 1956-இல் லூதியானாவில். கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்பினால் நட்டு இறுகும் என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு.

தகரம் சத்தம் போடுகிறதா, தகரத்தையே கழற்றி எறி என்று முதலில் தோன்றியது. பள்ளிக்கூடப் பையன்கள் அழகுக்காகவே அப்படித்தான் ஓட்டுகிறார்கள். கழற்றினேன். அமைதி என்றால் அப்படியோர் அமைதி. நான் பின்னால் வருவது தெரியாமல் ஒரு மாடு நடுரோட்டில் நின்றுகொண்டே இருந்தது. அந்த நிம்மதி ஐப்பசி வரைக்கும் நீடித்தது. சுழலும் சக்கரத்திலிருந்து தெறிக்கிற தண்ணீர் தொடுகோட்டின் வழியே பறக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அந்தத் தொடுகோடு என் முதுகின் வழியே போகும் என்று பாடப்புத்தகத்தில் போடவில்லை. மழை விட்ட காலை நேரத்தில் ஒரு முகூர்த்தத்துக்குப் போனேன். அட்சதை போட எழுந்தபோது, எனக்குப் பின்வரிசையில் இருந்தவர்கள் மணமக்களை விட்டுவிட்டு என் முதுகையே பார்த்தார்கள். காலரிலிருந்து வேட்டி வரைக்கும் நூல் பிடித்தாற்போல் ஒரு சேற்றுக்கோடு.

மட்கார்டு மீண்டும் வண்டி ஏறியது. மாட்டி முடித்தபோது ஒரு போல்ட்டும் அதற்கான நட்டும் மிச்சம் வந்தன. கம்பெனிக்காரர்கள் உபரியாக ஒன்று வைத்து அனுப்பியிருக்கிறார்கள், நல்ல மனசு என்று வாழ்த்திவிட்டு, டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தினேன்.

சத்தம் முன்னைவிடப் பெருகியது. அதாவது, முன்னைய சத்தமே தேவலாம் என்றாகிவிட்டது.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருக்கிறார். “சத்தம்னு வந்துட்டா எண்ணெய்தான் சார்” என்றார். உரசுகிற இடத்துக்குத்தான் எண்ணெய், ஆடுகிற இடத்துக்கு அதனால் பயனில்லை, நட்டு இன்னும் சுலபமாகக் கழன்றுகொள்ளும் என்பதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு, சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து போல்ட் போல்ட்டாக அபிஷேகம் செய்தேன். சத்தம் அப்படியே இருந்தது. எறும்பு மட்டும் புதிதாக வந்தது.

சத்தம் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இதில் பாதி வேலை. வாசல்படியில் சக்கரத்தை ஏற்றி இறக்குவதற்கு மனைவியை நியமித்தேன். நான் மண்டியிட்டு மட்கார்டில் காதை வைத்துக்கொண்டேன். போகிற வருகிறவர்கள் எல்லோரும் “என்ன சார், எதாவது தொலைஞ்சு போச்சா?” என்று விசாரித்தார்கள். இரண்டு பேர் கூடவே குனிந்து தேடவும் ஆரம்பித்துவிட்டார்கள். மானத்துக்குப் பங்கமில்லாத முறை வேறு இருக்கிறது. சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போட வேண்டும். லொடலொடக்கும். மட்கார்டைக் கையால் பிடித்துக்கொண்டு மறுபடி போட வேண்டும். பிறகு செயின் கவரை, பூட்டை, பிரேக் கம்பியை. எதைப் பிடித்தால் வண்டி வாயை மூடுகிறதோ அதுதான் குற்றவாளி. இதிலும் ஒரு சூது உண்டு: மட்கார்டு வால் நுனியில் கத்தும், கோளாறு தலைமாட்டில் இருக்கும். நீளமான மெல்லிய தகடு. ஒரு முனையில் பிடிப்பு விட்டால் மறுமுனைதான் ஆடி அடித்துக்கொள்ளும்.

எனக்கு வால்தான் கேட்டது. குடும்பத்தலைவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: ஆடுகிறதா, முடுக்கு. முடுக்கினேன். இன்னும் கொஞ்சம் முடுக்கினேன். மட்கார்டு ஒருபக்கமாகச் சாய்ந்து டயரில் உரசத் தொடங்கியது. தகரத்தின் சத்தத்தோடு ரப்பரின் சத்தமும் சேர்ந்துகொண்டது. அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கத்துக் கம்பியை இழுத்து முடுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிச் சுற்றுச் சுற்றியபோது நட்டு சட்டென்று லேசாகி, வெண்ணெயில் திருப்புவதுபோல் சும்மா சுற்றியது. மரை போய்விட்டது.

“மரை கழண்டது சைக்கிளுக்கு மட்டுந்தானான்னு பாருங்க” என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனாள்.

சைக்கிள் கடை பாய் வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார். ஸ்பானரை எடுக்கவில்லை. கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“சார், இவ்ளோ முடுக்கி வெச்சிருக்கீங்களே... யாரு மேல கோவம்?”

எல்லா நட்டையும் தளர்த்தினார். தளர்த்தியதும் மட்கார்டு டொய்ங் என்று ஒரு பக்கமாக விலகிப் போய் நின்றது. “பாத்தீங்களா, அது அங்க நிக்க ஆசைப்படுது. நீங்க புடிச்சு இங்க இழுத்துக் கட்டியிருக்கீங்க. அதான் கத்துது.”

நான் முடுக்க முடுக்க அது ஏன் கத்தியது என்பது அப்போதுதான் விளங்கியது. இழுவையில் நிற்கிற தகடு, ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தன் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். போகிற போக்கில் போல்ட்டை அசைத்து அசைத்துத் தளர்த்தும். போல்ட் அசைந்து கொடுக்காவிட்டால் ஓட்டையைச் சுற்றி வண்ணம் வெடிக்கும், அப்புறம் துரு, அப்புறம் விரிசல். கடைசியில் ஒருநாள் மட்கார்டு பாதியாகப் பிரிந்து கையோடு வரும். பாய் தகட்டை வளைக்கவே இல்லை. அதைத் தாங்குகிற கம்பிகளைத்தான் முழங்காலில் வைத்து வளைத்தார். சக்கரம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கம்பியின் வளையங்களை அச்சில் கோத்து, மட்கார்டு தானாக வந்து டயருக்கு நேர்மேலே நிற்கிற வரைக்கும் கம்பியைத்தான் திருத்தினார். போல்ட் துவாரங்கள் யாரும் இழுக்காமல் ஒன்றுக்கொன்று நேராக வந்து நின்றன. நான் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பிச் சேர்த்திருந்த துவாரங்கள்.

பிறகு பழைய டியூப் ஒன்றை எடுத்து, காலணா அகலத்துக்கு வட்டம் வட்டமாக வெட்டி நடுவில் ஓட்டை போட்டார். இரும்பும் தகரமும் முகத்தோடு முகம் படுகிற இடமெல்லாம் இந்த ரப்பர் வாஷர். அதன்மேல் ஒரு இரும்பு வாஷர். இல்லையென்றால் நட்டு சுற்றும்போது ரப்பரைக் கடித்துத் துப்பிவிடும். அதற்கும் மேல் ஸ்பிரிங் வாஷர். முன்பக்கம், போர்க்கின் தலையில் மட்கார்டு மாட்டுகிற இடத்தில் மட்டும், தகட்டின் உட்புறமாகப் பெரிய வாஷராகப் பார்த்துப் போட்டார். மட்கார்டு கிழிவது பெரும்பாலும் அங்கேதான். சின்ன வாஷர் பாரத்தையெல்லாம் ஓட்டையின் விளிம்பிலேயே இறக்கிவிடும். எல்லாவற்றையும் முதலில் விரலாலேயே மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்து, கடைசியில்தான் ஸ்பானர்.

“எவ்வளவு பாய் முடுக்கணும்?” என்றேன். நான் கேட்க வந்த கேள்வியே அதுதான்.

“ரப்பர் லேசா பிதுங்கும் சார். அதோட கையை எடுத்துடணும்.”

டயருக்கும் தகட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் சுலபமாகப் போய்வர வேண்டும் என்றார். சுமார் 10 மில்லிமீட்டர். சுற்று முழுக்க அதே இடைவெளி. குறைந்தால் சேறு அடைக்கும், கல் சிக்கி வேறொரு சத்தம் கிளம்பும்.

வேலை முடிந்தது என்று நான் பையைத் தொட்டபோது, பாய் வண்டியைச் சாய்த்து அடியில் கையை விட்டார். பெடல் அச்சுக்குப் பின்னால், பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஓடுகிற குழாய்களை இணைத்து ஒரு சின்னக் குறுக்குக் குழாய் இருக்கிறது. மண்ணும் கிரீஸும் மூடி, கண்ணுக்கே தெரியாத இடம்.

“இங்க ஒரு போல்ட் இருக்கணுமே சார். பின் மட்கார்டுக்கு அஸ்திவாரமே இதுதான். எங்க போச்சு?”

“ரோட்டில் எங்காவது விழுந்திருக்கும்” என்றேன் நிதானமாக. “பரவாயில்லை. அதே அளவில் ஒன்று தற்செயலாக என் வீட்டில் இருக்கிறது.”

பாய் என்னை ஒரு கணம் பார்த்தார். பெரிய மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வேறொன்று சொன்னார், அதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. பின் மட்கார்டு தளர்ந்தால் சத்தம், அவ்வளவுதான். முன் மட்கார்டு தளர்ந்தால் ஆபத்து. ஒரு குச்சியோ துணியோ டயருக்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்தால், சக்கரம் அதை மேலே இழுத்துக்கொண்டு போகும். தளர்ந்த தகடு கூடவே மடிந்து போர்க்கின் அடியில் சொருகிக்கொள்ளும். சக்கரம் நிற்கும், ஓட்டுகிறவர் நிற்க மாட்டார். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் மட்கார்டுகள் சிலவற்றில் முன்கம்பி ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கும். எதாவது சிக்கினால் கம்பி பிய்த்துக்கொண்டு விடுபடும், ஆள் தப்பிப்பார். நம் கறுப்பு வண்டியில் அந்த ஏற்பாடு கிடையாது. காய்கறிப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள் என்றார். என் பை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து முருங்கைக்காய்கள் முன்சக்கரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கேரியருக்கு மாற்றிக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து, உபரியை அதன் பூர்வீக இடத்தில் மாட்டினேன். ரப்பர், இரும்பு, ஸ்பிரிங், எல்லாம் முறைப்படி. பிதுங்கியதும் கையை எடுத்தேன். நட்டு மறுபடி தளராமலிருக்க மரையின் நுனியில் ஒரு துளி பெயின்ட் தடவச் சொல்லியிருந்தார் பாய். பெயின்டுக்கு எங்கே போவது? மகளின் மேஜையில் ஒரு சின்னப் புட்டி இருந்தது. காய்ந்தால் கெட்டியாகப் பிடிக்கும், வேண்டும்போது ஸ்பானர் வைத்துத் திருப்பினால் விட்டும்விடும். அதற்கென்றே கண்டுபிடித்தார்களோ என்று தோன்றியது. தூரிகை வேறு கூடவே கொடுக்கிறார்கள்.

“அப்பா, என் மெரூன் நெயில் பாலிஷ் எங்க?”

“பின்சக்கரத்தில்” என்றேன். அன்றைக்கு இரவு அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் நட்டுகள் எல்லாம் லட்சணமாக இருக்கின்றன.

மட்கார்டு இப்போது பேசுவதில்லை. அதன் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த செயின் கவர் மெல்லத் தலையெடுத்தது. அதற்கும் இரண்டு ரப்பர் துண்டு வைத்தேன். எதிர்வீட்டு அம்மா நான் ஊரில்தான் இருக்கிறேனா என்று விசாரித்ததாகக் கேள்வி.

மிச்சமிருந்த டியூப்பை எறிய மனமில்லாமல் முழுவதையும் வாஷராக வெட்டி டப்பாவை நிரப்பி வைத்ததுதான் வினையாகிப் போனது. இந்த வீட்டில் இத்தனை பொருள்கள் சத்தம் போடுகின்றன என்று எனக்குத் தெரியவே தெரியாது. பீரோக் கதவு, கிரைண்டரின் கால், மாடி ஜன்னல் கொக்கி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பெயர் தெரியாத ஒரு தகடு. ஒவ்வொன்றாக மனைவி கை காட்டக் காட்ட, நான் பாயின் பாணியில் ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு வேலையைத் தொடங்குகிறேன். கிரைண்டர் விஷயத்தில் மாவு அரைக்கிற நேரம் பார்த்துத் தளர்த்தியிருக்க வேண்டாம் என்பது அவள் கட்சி.

நேற்று, “குக்கர் கைப்பிடியும் லொடலொடங்குதுங்க, அதுக்கும் ஒரு ரப்பரைப் போட்டுடுங்களேன்” என்றாள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பாயிடம் நான் படித்ததெல்லாம் அழுத்தமே இல்லாமல் பொருத்துகிற வித்தை.