பெரம்பூர்க்காரர் எழுதிய டைரி

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-இல் பெரம்பூரில் பிறந்தவர் என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் திருவொற்றியூருக்குப் பெரம்பூர் என்ன தூரமா? அவர் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸுக்குத் துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளர். நான் துறைமுகச் சரக்குக்கு பில் போடும் ஆபீஸில் கிளார்க். இருவரும் கப்பலை நம்பிப் பிழைத்தவர்கள்தானே! புத்தாண்டுக்கு ஓசியில் வந்த டைரியைப் பிரித்து வைத்து, வடசென்னைச் சரித்திரத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் கண்ணை மூடும்வரை டைரி எழுதினார். நடுவில் விட்டுப்போன நாட்கள் உண்டு; எழுதிய நாளில் மட்டும் எதையும் விடமாட்டார். தமிழ் வருஷம், மாதம், கிழமை போட்டு, எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, கவர்னர் தன்னை எப்படிப் புகழ்ந்தார் என்பதுவரை. இந்தக் கடைசி விஷயத்தில் நானும் சளைத்தவனில்லை. மேனேஜர் "பரவால்லியே" என்று சொன்னதற்கு ஒரு முழுப்பக்கம் போயிருக்கிறது. மற்றபடி காசிமேட்டில் வஞ்சிரம் என்ன விலை, பால் கணக்கு.

சரித்திரம் வராமலும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரமே கறுத்துப்போனது. மீனவர்கள் பக்கெட்டும் மக்குமாக அள்ளினார்கள். இறகெல்லாம் பிசுக்கேறிய கூழைக்கடா ஒன்று அலகால் நீவி நீவிப் பார்த்து, பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். டைரியில் இருப்பது: "மழை. கரண்ட் இல்லை. லீவு." அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, சனம் பிள்ளைகுட்டியோடு தெருவில் ஓடியது. அன்றைய பக்கத்தில்: "பழவேற்காட்டிலிருந்து மாமியார் வருகை."

அதையாவது விரித்து எழுதியிருக்கலாம். துய்ப்ளெக்ஸின் மனைவி மேல் இருந்த மனத்தாங்கலைப் பிள்ளை பயமில்லாமல் கொட்டியிருக்கிறார். அவருக்கென்ன, அந்த ஏடுகள் அவர் செத்து 85 வருஷம் கழித்து, 1846-இல்தான் வெளியார் கண்ணில் பட்டன. என் டைரி டிவி ஸ்டாண்டிலேயே கிடக்கிறது. மாமியாருக்குக் கண்ணாடி போடாமலே எழுத்து தெரியும். புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ளே, நான் கொண்டாந்த கருவாட்டைப் பத்தி ஒண்ணும் எழுதலீங்களா?"