குறிஞ்சித் திணையில் கார்புரேட்டர்: புல்லட் இருமல் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

சென்னையில் புதுப்பிக்கப்பட்ட, எண்பதுகளின் 350 புல்லட் ஒன்று ஆலங்காயம் வரை ராஜநடை போட்டு வருகிறது. ஜவ்வாது மலையில் காவலூருக்கு ஏறும்போது மட்டும் இருமத் தொடங்குகிறது. சைலன்சரில் கரும்புகை, மூக்கில் பெட்ரோல் நெடி, கழற்றிய பிளக்கில் கட்டைவிரலோடு ஒட்டிவரும் கரி. சங்க இலக்கியத்தின் குதிரைக்கும் தேருக்கும் ஆய்வேடுகள் குவிந்திருக்க, புல்லட்டை அறிஞர் உலகம் தொடாமலே விட்டுவிட்டது. அக்குறையை இக்கட்டுரை களைகிறது.

2. முன்னோர் கருத்துகள்

முன்னோர் ஆய்வுகள் அனைத்தும் டீக்கடை வாசலில் நிகழ்ந்தவை. வண்டி நின்று டீ வருவதற்குள் மூன்று உரைகள் கிடைத்தன.

“மலைக்காத்து லேசுண்ணே. ஏர் ஸ்க்ரூவைத் திறந்து உடுங்க.” இது மலைவாதம்.

“இப்ப வர்ற பெட்ரோலே பாதி சாராயம்ணே. வண்டி என்னா பண்ணும்?” இது சாராயவாதம்.

“அதுக்கும் வயசாச்சு இல்ல தம்பி.” இது நிலையாமைவாதம். சொன்னவர் எண்பது வயதுப் பெரியவர். மறுக்க வழியில்லாததால் ஆய்வு வரம்பிலிருந்து நீக்கப்பட்டது.

3. மலைவாத மறுப்பு

காவலூர் வான் ஆய்வகத்தின் உயரம் 725 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு. எனவே கலவையில் பெட்ரோல் மிகும் என்பது உண்மைதான். எவ்வளவு மிகும் என்பதே கேள்வி. கார்புரேட்டரில் பெட்ரோலை உறிஞ்சும் ஈர்ப்பும் மெல்லிய காற்றில் கொஞ்சம் தளர்ந்துவிடுவதால், கணக்கு அடர்த்தியின் வர்க்கமூலத்தில் போய் நிற்கிறது. மிகுதி சுமார் மூன்றரை விழுக்காடு. இதற்கெல்லாம் புல்லட் இருமாது. தொண்டையைச் செருமும், அவ்வளவே.

4. சாராயவாத மறுப்பு

இன்றைய பங்க்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு. பாதி என்பது உயர்வு நவிற்சி. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20க்கு 13.5 கிலோ போதும். ஆக, பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்றாமல் இதை ஊற்றினால் கலவையில் காற்று சுமார் 8 விழுக்காடு மிகும், பிளக் வெளுக்கும். நம் பிளக்கோ கறுத்திருக்கிறது.

இரு வாதங்களையும் கூட்டிக் கழித்தால் மலை சேர்த்ததைச் சாராயம் தின்று, அதற்குமேலும் கேட்கிறது. வண்டி பெட்ரோல் போதாமல் திணறியிருக்க வேண்டும். மிஞ்சித் திணறுகிறது. ஆகவே குற்றவாளி மலையிலும் இல்லை, பங்க்கிலும் இல்லை.

5. திணைக் கோட்பாடு

இங்கேதான் தொல்காப்பியம் கைகொடுக்கிறது. ஐந்திணையின் உரிப்பொருள்கள் கார்புரேட்டருக்கு அப்படியே பொருந்துகின்றன.

முல்லை, இருத்தல்: வண்டி நின்ற இடத்தில் ‘டுக் டுக்’ என்று காத்திருக்கும் ஐடில். இது பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆளும் நிலம். இவற்றின் அதிகாரம் ஆக்ஸிலரேட்டரில் எட்டில் ஒரு பங்கு வரையே.

மருதம், ஊடல்: சட்டென்று முறுக்கினால் ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலை. கால் பங்கு வரை. ஸ்லைடின் அடிவெட்டு இதற்குப் பொறுப்பு.

குறிஞ்சி, புணர்தல்: காற்றும் பெட்ரோலும் நெடுநேரம் கூடியிருக்கும் கால் முதல் முக்கால் பங்கு வரை. நீடிலும், அது ஏறி இறங்கும் நீடில் ஜெட்டும் இங்கே தலைமக்கள்.

பாலை, பிரிதல்: முழுதாக முறுக்கியும் மெயின் ஜெட் போதாமல், காற்று தனியாகத் தவித்து எஞ்சின் கொதிப்பது.

நெய்தல், இரங்கல்: இது வண்டிக்கு உரியதன்று, கிக்கரை மிதித்து ஓய்ந்த உரிமையாளருக்கு உரியது. புல்லட்டைத் தயாரித்த, 1955இல் நிறுவப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் ஆலை திருவொற்றியூர்க் கடலோரத்தில் அமைந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

டீக்கடை மரபு எந்நோய்க்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருகச் சொல்கிறது. வண்டி மலை ஏறுவதோ பாதி முறுக்கலில். குறிஞ்சியில் எழுந்த அவ்வழக்குக்கு முல்லையில் தீர்ப்பு எழுதினால் செல்லுமா?

6. சான்று

இதே காவலூரில் 1977ஆம் ஆண்டு, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்த இரவில், 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியது பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்ற முடிவுக்குத் துணைநின்ற சான்றுகளில் அதுவும் ஒன்று. வளையத்தைப் பார்க்காமலே வளையத்தை அறியும் அந்நெறியையே நாமும் கைக்கொண்டோம். ஏற்றத்தில் பாதி முறுக்கலில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றினோம். கன்னங்கரேல்.

பின்னர் நீடிலை உருவி வெயிலில் திருப்பிப் பார்க்க, ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. நீடில் ஜெட்டின் வட்டத் துளை முட்டை வடிவாகியிருந்தது. ஆண்டுக்கணக்கான அதிர்வில் நீடில் உரசி உரசி விரித்த வழி அது. பெட்ரோல் தாராளமாக ஏறுகிறது. சமவெளியில் இது தெரியாது. பைபாஸில் வேகமெடுத்தால் பிளக் சூடேறித் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். மலையில் இரண்டாம் கியரில், பாதி முறுக்கலில், ஊர்ந்தபடியே போவதால் கரி படிந்துகொண்டே இருக்கும். மலை நோயைத் தருவதில்லை. சமவெளி மறைத்துவைத்ததைப் போட்டு உடைக்கிறது.

7. முடிவும் ஒரு பின்சேர்க்கையும்

இவ்வண்டிக்குப் புது குரோமியம், புது சீட், டேங்கில் கையால் இழுத்த பொன்கோடு என்று எல்லாம் ஆயிற்று. நீடிலை மட்டும் உரிமையாளர் மாற்ற விடவில்லை. காரணம், “அது ஒரிஜினல் சார்.” கண்ணில் படுவதையெல்லாம் புதிதாக்கிவிட்டு, தேய்கிற ஒன்றைப் பழமை என்று போற்றுவதே புதுப்பித்தல் என்னும் கலையின் தலையாய சிக்கல் என இவ்வாய்வு கருதுகிறது.

நீடிலும் ஜெட்டும் ஜோடியாக மாற்றப்பட்டன. ஏர் ஸ்க்ரூ, முழுதாக மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்த நிலையில், யாரும் தொடாமல் விடப்பட்டது. வண்டி ஜமுனாமரத்தூர் வரை இருமாமல் போனது. கழற்றிய நீடிலை உரிமையாளர் பஞ்சில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறார். அடுத்த பழைய வண்டிக் கண்காட்சிக்கு அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். இதற்குத் தனி ஆய்வு தேவை.