எந்தப் பங்கு?

கத்தோலிக்கப் பெண் ஒருத்தி கைப்பேசியில் மாப்பிள்ளை தேடுகிறாள் என்று கேள்விப்பட்டால், பங்கில் பாதிப்பேர் காலம் கெட்டுப்போச்சு என்பார்கள். மீதிப்பேர் எந்த ஆப் என்று கேட்பார்கள். இரண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு கிடையாது: இது புதுமை, பெரியவர்களைத் தாண்டிய காரியம். அங்கேதான் தப்புக் கணக்கு. பங்கிலேயே பழமை மாறாத ஆட்கள் யார் என்று எண்ணினால், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பதினாலு ஸ்தலத்துக்கும் முழங்கால் போடுகிற மரியாயின் சேனைப் பாட்டிகளுக்கு அடுத்தபடி இந்த இணைய ஜோடியைத்தான் சொல்ல வேண்டும். சில பங்குகளில் பாட்டிகளுக்கும் ஒரு படி மேலே.

அவர்களுடைய சுயவிவரமே சாட்சி. பையனின் முதல் படம் வேளாங்கண்ணிப் பேராலயத்தின் முன்னால் எடுத்தது, இரண்டாவது தங்கச்சி கல்யாணத்தில் கோட்டு மாட்டி நின்றது, மூன்றாவது பைக். கிறிஸ்தவம் என்று மட்டும் போட்டால் காணாது என்று தெரிந்து, ரோமன் கத்தோலிக்கம் என்று தட்டி, அதற்குக் கீழே ‘ஞாயிறு பூசை தவறமாட்டேன்’ என்றும் எழுதி வைத்திருப்பான். பெண் அதை நம்பிவிடுவாள் என்று நினைக்காதீர்கள். அவள் சொல்லைப் பிடித்து ஆளைப் பிடிப்பவள். எடுத்த எடுப்பில் ‘பிரைஸ் தி லார்ட்’ என்றால் பெந்தெகொஸ்தே வாடை. ‘சபை’ என்றால் சந்தேகம். ‘பாஸ்டர்’ என்றால் பேச்சு முடிந்தது. பூசை, ஃபாதர், மாதா கோயில் மூன்றும் தன்னால் வாயில் வந்தால் அசல் சரக்கு. அதன் பிறகுதான் அந்தக் கேள்வி விழும்: “நீங்க எந்தப் பங்கு?” பிடித்த படம், பிடித்த சாப்பாடு எல்லாம் இதற்கு அப்புறம். ‘ஹாய்’ என்று தொடங்கிய பேச்சு ஐந்தாவது வரியில் பங்குப் பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்துவிடுகிறது. தவக்காலம் வந்தால் இன்னும் கண்டிப்பு. சாம்பல் புதனன்று ஆப்பையே கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டு, ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு மறுபடி இறக்குகிற தியாகிகள் உண்டு. எடுக்காதவனுக்கு ஆபத்து அதிகம்: சுத்தபோசன வெள்ளியன்று ஞாபகப்பிசகாக மட்டன் பிரியாணிப் படத்தை அனுப்பிவிட்டால், நீல டிக் மட்டும் விழும், பதில் வராது.

திருச்சபைச் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தாலும் இவர்கள் பக்கம்தான் பலம். நம் ஊரில் தேடாமல் அமையும் வரன் மாமன் மகனும் அத்தை மகளும். முறை, உரிமை, விட்ட குறை தொட்ட குறை என்று ஊர் கூடி வாழ்த்துகிற அந்தச் சம்பந்தத்தைத் திருச்சபை கையை நீட்டி மறிக்கிறது. 1983-இல் வெளியான சட்டத்தொகுப்பின் 1091-ஆம் சட்டப்படி, பக்கவழி இரத்த உறவில் நான்காம் படி வரை கல்யாணம் செல்லாது. மாமன் மகள் சரியாக அந்த நான்காம் படியில் உட்கார்ந்திருக்கிறாள். ஆயரிடம் விலக்கு வாங்கினால்தான் தாலி ஏறும். பரம்பரை வழக்கத்தைக் காப்பாற்றும் குடும்பம் ஆயரகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்க, கைப்பேசியில் சந்தித்தவர்கள் மனுவே இல்லாமல் பீடத்துக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. மணமக்களின் சம்மதம்தான் திருமணத்தை உண்டாக்குகிறது, வேறெந்த மனித சக்தியும் அதை ஈடுசெய்ய முடியாது என்கிறது 1057-ஆம் சட்டம். மனித சக்தி என்பதில் பெரியம்மாவும் அடக்கம். ‘எனக்கு ஹார்ட் அட்டாக் வந்துரும்’ என்று அப்பா நெஞ்சைப் பிடித்த பிறகு தலையாட்டிய பெண்ணின் சம்மதத்தையும், ஆறு மாதம் இராத்திரி இரண்டு மணி வரை தட்டச்சு செய்து கட்டைவிரல் தேய்ந்த பெண்ணின் சம்மதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது கெட்டி என்று சொல்ல சட்ட வல்லுநர் தேவையில்லை.

முகம் தெரியாதவனை நம்பலாமா என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமானதுதான். ஆனால் பெண் பார்க்க வந்து கேசரித் தட்டுக்கு மேலே அரை நிமிடம் பார்த்தது மட்டும் முகம் தெரிந்த கணக்கில் சேருமா? ஆளை விசாரிக்கத் திருச்சபை கண்டுபிடித்த வழி ஓலை வாசிப்பது. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் அதைப் பொது வழக்கமாக்கியது. 1563-இல் திரிதெந்தின் சங்கம் பங்குக் குருவும் சாட்சிகளும் முன்னிருக்க வேண்டும் என்றும் கட்டிவைத்தது. யாருக்கும் தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் இல்லவே இல்லை என்று கைவிரித்த மாப்பிள்ளைகள் ஐரோப்பாவில் பெருகியதால் வந்த ஏற்பாடு. ஓலையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கேட்பார்கள். மக்கள் அந்த நேரத்தில்தான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நம் பெண்ணோ முதல் ஓலைக்கு முன்பே தன் ஓலையை வாசித்து முடித்திருப்பாள்: பையனின் பத்து வருட முகநூல், அவன் அண்ணியின் இன்ஸ்டாகிராம், கல்லூரிச் சுற்றுலாவில் தோளில் கைபோட்டு நின்றவள் யார், அவளுக்குக் கல்யாணமாகிவிட்டதா, எந்தப் பங்கு. லாத்தரன் சங்கத்துப் பிதாக்கள் பார்த்திருந்தால் அவளை ஆயரகத்தில் வேலைக்கு வைத்திருப்பார்கள்.

இணையத்தில் போலிப் பெயர் அதிகம், ஆப்காரன் காசுக்காக நடத்துகிறான் என்றும் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களுக்குக் கத்தோலிக்க விவிலியத்திலேயே பதில் இருக்கிறது, புரட்டுவோர் குறைவு: தோபித்து நூல். பிரிந்த சகோதரர்களான புராட்டஸ்டண்டுக்காரர்களின் வேதாகமத்தில் அது இல்லை. ஆகவே இந்த வாதம் நமக்கே உரியது. அதில் தோபியா என்ற இளைஞனுக்குப் பெண் முடித்து வைத்தவர் இரபேல் அதிதூதர். வரும்போது தன் பெயர் அசரியா என்றார், உங்களுக்குச் சொந்தக்காரன்தான் என்றும் சொன்னார். போலிக் கணக்கு என்றால் இதைவிடச் சுத்தமான போலிக் கணக்கு கிடையாது. கூலி நாளுக்கு ஒரு திராக்மா என்று பேசி முடித்த பிறகுதான் பயணமே கிளம்பியது. பெண் சாராவோ ஏழு கல்யாணம் ஆகி, ஏழு மாப்பிள்ளைகளும் முதலிரவிலேயே செத்துப்போனவள். எந்த ஆப்பில் போட்டாலும் ஒரு பயல் திரும்பிப் பார்த்திருக்கமாட்டான். அந்த இடத்தைத்தான் அதிதூதர் சிபாரிசு செய்தார், குடும்பம் விளங்கியது. ஒரு வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் கொண்டுவந்த செல்வத்தில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது இரபேல் மறுத்து, தான் யாரென்று சொல்லிவிட்டுப் போனார். ஆப் அப்படிப் போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும்.

இதுவரை ஜோடிக்காக வாதாடியாயிற்று. அவர்களைக் காப்பாற்ற முடியாத இடம் ஒன்று இருக்கிறது. கிறிஸ்தவம் என்று தட்டியதும் திருமணத் தளங்களில் அடுத்த கட்டத்தில் சாதிப் பெயர்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. ஞானஸ்நானத் தொட்டியில் கரையாதது கணினியில் கரையவா போகிறது? வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக, கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி கோயில் கட்டி நடுவில் தடுப்பும் வைத்திருந்தார்கள். 1910-இல்தான் அந்தத் தடுப்பு போயிற்று. நம் ஜோடி அந்தத் தலைமுறையில்லை, ‘சாதி தடையில்லை’ என்ற பெட்டியில் மனதாரத்தான் டிக் அடிக்கிறது. ஆனால் ‘எந்தப் பங்கு’ என்று கேட்டதும் பையன் கடலோரத்து மணப்பாடு என்றோ, உள்நாட்டில் ஏதோ ஒரு ஊரையோ சொல்கிறான். கேட்டவளுக்கு அந்த ஊரும் தெரிகிறது, ஊரில் எந்தத் தெரு என்றும் ஏறக்குறைய தெரிந்துவிடுகிறது. டிக் அடிக்காத பெட்டியை அந்த ஒரு சொல் நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. பழமை மாறாதவர்கள் என்று முதலில் சொன்னதில் இதுவும் சேர்த்திதான்.

கல்யாணம் நிச்சயமானதும் நன்றிக்கடன் பிரச்சினை வரும். சந்தா கட்டியது கம்பெனிக்கு, நேர்ந்துகொண்டது அந்தோணியாருக்கு. தொலைந்த சாவியைத் தேடித் தருகிறவர்தானே தொலைவில் இருந்த மாப்பிள்ளையையும் தேடித் தந்திருக்க வேண்டும் என்பது பெண்வீட்டார் கட்சி. ஆகவே கார் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குக் கிளம்புகிறது, ஆப்புக்கு ஒரு ஸ்டார்கூட விழுவதில்லை. உறவினர் கேட்டால் சொல்ல ஒரு கதை வேண்டும், அதை இருவரும் சேர்ந்து தயாரிக்கிறார்கள். தம்பதியாக அவர்கள் ஒத்துழைத்துச் செய்யும் முதல் காரியம் அதுதான், முதல் கூட்டுப் பாவமும் அதுதான். மறைமாவட்டம் நடத்தும் திருமணத் தயாரிப்பு வகுப்பில் ஃபாதர் சாக்பீஸும் கையுமாக, நீங்கள் முதலில் எங்கே சந்தித்தீர்கள் என்று ஒவ்வொரு ஜோடியாகக் கேட்டு வருவார். முதல் பெஞ்சு, “வேளாங்கண்ணி ஃபாதர், திருவிழாவில்.” இரண்டாவது பெஞ்சும் வேளாங்கண்ணி. மூன்றாவது பெஞ்சில் பையன் பெண்ணைப் பார்ப்பான், பெண் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பாள், “நாங்களும் வேளாங்கண்ணிதான் ஃபாதர்” என்பாள். “கொடியேற்றத்தன்றா, பெரிய திருவிழா அன்றா?” என்பார் ஃபாதர், சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே.

பையன் “கொடியேற்றம்” என்பான். பெண் அதே நொடியில் “பெரிய திருவிழா” என்பாள்.