பேஸ் கிட்டார்ப் பொருளதிகாரம்

நூல் என்று ஒன்று எழுதினால் பாயிரம் வேண்டும் என்பது நன்னூலார் கட்டளை. ஆகவே எல்லையைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கே மேட்டுப்பாளையம் ரோடு, மேற்கே லாலி ரோடு, தெற்கே காந்தி பார்க். மேல் எல்லை மொட்டை மாடி, கீழ் எல்லை வீட்டுக்கார அம்மாவின் காது. இந்த எல்லைக்குள், கோவை ஆர்.எஸ்.புரத்தில், நாலு கம்பி பேஸ் கிட்டாரோடு பதினோரு வருடம் வாடகைக்குக் குடியிருந்தவன் எழுதுவது இது. கேட்போர் யாரெனில், கையில் கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு எந்த பேஸ் வாங்குவது என்று தூக்கம் கெட்டுக் கிடப்பவர். பயன்: தூக்கம்.

பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்தார் தொல்காப்பியர். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்தில் இருக்கிற தெய்வம், உணவு, மரம், பறை வகையறா. உரி என்பது மனசுக்குள் நடப்பது. பேஸ் வாங்கப் போகிறவர்கள் எல்லாருமே கருவில்தான் தொடங்குகிறார்கள். “ஏனுங்ணா, நாலு ஸ்ட்ரிங்குங்களா, அஞ்சுங்களா?” என்று கடைப் பையன் கேட்டதும் மூளை அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது. நிலம் எது என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்: உங்கள் அறை எத்தனை அடி?

இங்கே மாடி போர்ஷன்களில் அறை என்றால் பத்துக்குப் பன்னிரண்டு. அதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பேஸின் அடிக்கம்பியான ‘ஈ’ நொடிக்கு 41 முறை அதிரும். காற்றில் அதன் ஓர் அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளும். அத்தனை நீளத்துக்கு அறையில் இடமில்லாததால் அலை சுவரில் முட்டித் திரும்புகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே கச்சிதமாக அரை அலை அடங்குகிற சுரம் எதுவோ, அது மட்டும் பால் மாதிரிப் பொங்கும். பத்தடிக்குக் கணக்குப் போட்டால் 56 வருகிறது. ‘ஏ’ கம்பியைச் சும்மா மீட்டினால் 55. அதாவது, எந்தக் கம்பெனி பேஸ் வாங்கினாலும் அந்த அறையில் ‘ஏ’யை வாசிப்பவர் நீங்கள் அல்ல, மேஸ்திரி. பன்னிரண்டடிப் பக்கத்துக்கு 47. அங்கே ‘எஃப் ஷார்ப்’ குடியிருக்கிறது.

நான் குடிபோன மூன்றாம் நாள், தெரியாத்தனமாக ‘ஏ’யில் ஒரு பாட்டைப் பழகிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். வீட்டுக்கார அம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி.

“ஏனுங் தம்பி, மோட்டாரப் போட்டுட்டு மறந்துட்டீங்களாட்ட இருக்குது? டேங்க் நெறஞ்சு வழியப் போகுதுங்க.”

“மோட்டார் இல்லீங்கம்மா, கிட்டாருங்க.”

என் தோளில் தொங்கியதைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். “கிட்டாருன்னா டிங் டிங்னு கேக்கோணுமல்லங்க?”

இதைவிட நல்ல கேள்வியை எந்த ஒலியியல் வகுப்பிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டிங் டிங் எல்லாம் கான்கிரீட்டில் நின்றுவிடும். தளத்தைத் தாண்டி இறங்குவது உறுமல் மட்டுமே. நான் வாசித்ததில் தலையில்லாத முண்டத்தைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பரிகாரம் செலவில்லாதது. ஆம்ப்பை மூலையிலிருந்து நகர்த்தி, முக்காலியில் ஏற்றி வையுங்கள். மூலை என்பது கீழ்ச்சுரங்களுக்கு ஊட்டச்சத்து. நீங்கள் நிற்கும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். சுவரோரம் இடிக்கிற அதே ‘ஏ’, அறையின் நட்டநடுவில் ஆளையே காணோம் என்று ஆகிவிடும். டோன் சரியில்லை என்று கிட்டாரை விற்றவர்களில் பாதிப்பேர் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டிருந்தால் போதும்.

பொழுதில் ஆறு இருந்தாலும் பேஸுக்கு உகந்தது எற்பாடு ஒன்றே. நாலரை மணிக்கு டி.பி. ரோட்டு வண்டிச் சத்தம் உங்களுக்குப் போர்வை. மாலை சீரியலுக்கு உரியது. யாமத்தில் ஹெட்போன்.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது என்பார்கள். மற்ற நிலம் வறண்டால் பாலை. பேஸுக்குப் பாலை செல்போன் ஸ்பீக்கர். அதற்கு முந்தைய தலைமுறைக்கு டிரான்சிஸ்டர். 1982-ல் கோவைத்தம்பியின் மதர்லேண்ட் பிக்சர்ஸ் எடுத்த ‘பயணங்கள் முடிவதில்லை’யில், ‘இளைய நிலா’வுக்குள் சந்திரசேகரின் கிட்டாருக்கு அடியில் சசிதரனின் பேஸ் தன்பாட்டுக்கு இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும். உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் 41 எங்கிருந்து வரும்? வராது. அதன் மடங்குகளான 82-ம் 123-ம் வந்து சேர்ந்தால், 41-ம் இருந்தது என்று காது தானே முடிவுகட்டிக்கொள்ளும். இலக்கணத்தில் இதற்குப் பெயர் தோன்றா எழுவாய். ஆகவே உங்கள் பேஸ் போனிலும் கேட்க வேண்டுமானால் ‘பேஸ்’ குமிழை முறுக்காதீர்கள், ‘மிடில்’ குமிழைத் திருகுங்கள். இதை நான் கண்டுபிடிக்க நாலு வருடம் ஆனது.

இனி கரு. கருவில் தெய்வம் லியோ ஃபெண்டர். 1951-ல் பிரிசிஷன் பேஸ், 1960-ல் ஜாஸ் பேஸ். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களின் முதுகைக் காப்பாற்றியது முதலாவது. நம் ஊரில் 1955-ல் வெட் கிரைண்டர் செய்து ஆட்டுக்கல்லிலிருந்து பெண்களின் தோளைக் காப்பாற்றிய பி. சபாபதியை இவருக்கு இணையாக வைக்கிறேன். (இந்தப் பேட்டைக்குப் பெயர் கொடுத்தவர் இரத்தினசபாபதி முதலியார். கோவைக்குச் சபாபதிகளால் குறைவில்லை.) பேஸுக்கும் கிரைண்டருக்கும் உறவு இதோடு முடியவில்லை. நம் கரண்ட் நொடிக்கு 50 முறை துடிப்பது. பேஸில் கீழ் ‘ஜி’ 49. எர்த் சரியில்லாத பழைய வீட்டில், கீழே மாவாட்டும் நேரத்தில், ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்த பேஸைச் சொருகினால், கையை வைக்காமலே சற்றே சுதி ஏறிய ஒரு ‘ஜி’ கேட்கும். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்பையும் சமமாகத் திறந்தால் ஒன்றின் ரீங்காரத்தை இன்னொன்று தின்றுவிடும். ஒன்றைக் குறைத்தீர்களோ, வந்தது வினை. 1957-க்குப் பிந்தைய பிரிசிஷனில் பிக்கப்பையே இரண்டாக வெட்டி எதிரெதிராகச் சுற்றியிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. கிரைண்டர் வீட்டுக்கு பிரிசிஷன், கடையில் மாவு வாங்குகிற வீட்டுக்கு ஜாஸ். இந்த வகைப்பாட்டை வேறெந்த நூலிலும் காண முடியாது.

ஐந்து கம்பி வேண்டாம். கீழ் ‘பி’ 31. மலிவு கிட்டாரில் அது கொடித்துணி. தலையில் இருக்கும் எழுத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கம்பி இருவகை: சொரசொர, மழமழ. சொரசொரவுக்குக் கணீர் என்ற குரல். விரலின் பிசுக்கும் தோலும் சுற்றுகளுக்கு இடையில் புகுந்தால் சில மாதத்தில் தொண்டை கட்டிவிடும். உலகமெங்கும் பேஸ்காரர்கள் இதற்குச் செய்கிற வைத்தியம், கழற்றிக் கொதிநீரில் பத்து நிமிடம் வேகவைப்பது. நான் சிறுவாணித் தண்ணீரில் வேகவைத்தேன். மூடியைத் திறந்த என் மனைவி சந்தகை என்று நினைத்து எட்டிப் பார்த்து, எதுவும் பேசாமல் மறுபடி மூடினாள். கம்பிக்கு நாலைந்து நாள் குரல் திரும்பியது. அந்தப் பாத்திரம் இன்றுவரை சமையலறைக்குத் திரும்பவில்லை.

உரி ஐந்து. டிரம்ஸின் கிக் அடி தலைவன், பேஸ் தலைவி என்று கொள்க. இரண்டும் ஒரே நொடியில் விழுந்தால் புணர்தல். விலகி ஓடினால் பிரிதல். அடுத்த அடிக்காகக் கம்பியை அமுக்கிக் காத்திருப்பது இருத்தல். தொழில் தெரிந்தவரை இங்கேதான் அடையாளம் காணலாம். கட்டைவிரலால் பளார் என்று அறைகிற ஸ்லாப், சந்தேகமில்லாமல் ஊடல். நெய்தலுக்குரிய இரங்கல், ஃபிரெட் இல்லாத பேஸின் இழுவை. ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஃபிரெட் இல்லாத பலகைக்குப் பூசியது படகுக்குப் பூசும் எபாக்சி. திணை மயக்கத்துக்கே இடமில்லை.

புறனடை: மேற்சொன்னவை யாவும் மைக் செட்காரர் இல்லாத இடத்தில் மட்டும் செல்லும்.

ஒரு கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி. நான் மழமழ கம்பி மாட்டி, குமிழ்களைப் பென்சிலால் குறித்து, நிற்க வேண்டிய இடத்தைக்கூட அடியால் அளந்து போயிருந்தேன். மைக் செட்காரர் என் ஒயரை வாங்கி மிக்ஸரில் எங்கேயோ சொருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். முதல் பாட்டிலேயே ஆள் மாறியது போல ஒரு சத்தம். தடிமன், ஆனால் குழையவில்லை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தரையில் கால் ஊன்றியது. இடைவேளையில் ஓடிப்போய் மிக்ஸரைப் பார்த்தேன். என் ஒயர் போன வரிசைக்கு அடியில் வெள்ளை டேப். காலை முகூர்த்தத்துக்கு எழுதியது, பேனா மை லேசாகக் கரைந்து: ‘தவில் – தொப்பி’. குமிழ்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று போனில் படம் எடுப்பதற்குள் அவர் டீயோடு வந்துவிட்டார்.

“அதத் தொடாதீங்ணா, கீழ ஏத்திட்டீங்கன்னா ஊளையடிக்கும்.”

தொடவில்லை.