கண்ணில் படும் கானாங்கோழி

எங்கள் ஆயாவுக்கு மழை வரும் சேதியைக் கானாங்கோழிதான் சொல்லும். ஆடி மாதத்து அந்தியில் கழுவெளிச் சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து ‘க்ர்ர் குவாக், குவாக், குவாக்’ என்று ஆரம்பித்தால் நடுச்சாமம் தாண்டியும் அந்தச் சத்தம் ஓயாது. “கோழி கத்துது, வெறக உள்ள எடுத்து வெய்யி” என்பார் ஆயா.

இது 1980களின் பள்ளிக்கரணை. வீட்டுக்குப் பின்னால் நெல்வயல், வயல் முடிந்த இடத்தில் ஆள் உயரத்துக்குச் சம்பும் கோரையும். குரல் தினமும் கேட்கும். கோழியை முழுசாகப் பார்ப்பது அபூர்வம். வெள்ளை முகமும் வெள்ளை மார்பும் ஒரு நொடி தெரியும். வாலைச் சுண்டும்போது அடியில் செம்பழுப்பு மின்னும். அவ்வளவுதான், புதருக்குள் போய்விடும். பக்கவாட்டில் ஒடுங்கிய உடம்பு அதற்கு. நெருக்கமான தண்டுகளுக்கு நடுவே ஓர் இலைகூட அசையாமல் நுழைந்துவிடும்.

ஒருமுறை கோரை அறுக்கப் போன சித்தப்பாவோடு நானும் போனேன். சம்பை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். முழங்கால் உயரத்தில், குச்சியும் காய்ந்த இலையும் சேர்த்துக் கட்டிய ஆழமில்லாத கூடு. ஆறு முட்டைகள், வெளிறிய பாலாடை நிறத்தில் செம்பழுப்புத் தீற்றல்கள். நான் கையை நீட்டினேன். “கைய வெக்காதடா. அது எங்கியோ நின்னு நம்மளப் பாத்துனு இருக்கும்” என்றார். விலக்கிய சம்பை மறுபடி சேர்த்து மூடிவிட்டு, அந்தப் பக்கமே அறுக்காமல் திரும்பினார். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும் பறவை அது என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சங்கப் பாட்டில் வரும் கம்புள் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு என்பதையும் அப்படித்தான் அறிந்தேன்.

இன்று அந்த வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. நான் வசிப்பது இரண்டாவது மாடியில். காலை ஆறு மணிக்குப் பால்கனியில் நின்றால் கானாங்கோழி தினமும் தெரிகிறது. நிறுத்தியிருக்கும் கார்களுக்கு நடுவே நீண்ட விரல்களை எடுத்து எடுத்து வைத்து, வாலைச் சுண்டிக்கொண்டு மழைநீர் வடிகால் ஓரமாக நடக்கிறது. “பாருங்க சார், மனுசங்களோட நல்லா பழகிடுச்சு” என்று பக்கத்து வீட்டுக்காரர் படம் எடுக்கிறார்.

தன் குடும்பத்து மற்றப் பறவைகளைவிட இது கொஞ்சம் துணிச்சலானது என்பது உண்மை. ஆனாலும் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. இரை தேட வெட்டவெளி போதும்; கூடு கட்டப் புதர் வேண்டுமே. பக்கத்துக் காலிமனையில் மண்டிக் கிடந்த புதரில் போன புரட்டாசியில் ஒரு ஜோடி கூடு கட்டியது. மனையைச் சுத்தம் செய்ய வந்த பொக்லைன் ஒரே காலையில் எல்லாவற்றையும் வழித்துவிட்டது. பொரித்திருந்த குஞ்சுகளில் ஒன்று, கரிய பஞ்சுருண்டை போல, வடிகாலுக்குள் விழுந்து கிடந்தது. குஞ்சு பொரித்துச் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடும். செங்குத்தான சிமெண்ட் சுவரில் ஏறத்தான் அதற்கு வழியில்லை. கூடையை இறக்கி எடுத்துத் தாயின் குரல் வந்த பக்கம் விட்டேன். என் உள்ளங்கையில் அதற்கு எடையே இல்லை.

அந்தக் காலத்தில் ஊரில் கண்ணி வைத்துப் பிடித்துக் குழம்பு வைத்தவர்கள் இருந்தார்கள். அப்படியும் கழுவெளி முழுக்க அதன் குரல் நிறைந்திருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்போதே இருந்தது; இன்று எங்கள் தெருவில் யாரும் கண்ணி வைப்பதில்லை. ஆனால் ஒளிய இடமில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 1,247.54 ஹெக்டேர் 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது மனம் குளிர்ந்தது. அந்த எல்லைக்கு வெளியே, எங்கள் தெருக்களுக்குள் சிக்கிக்கொண்ட கோழிகளுக்கு நாம்தான் இடம் விட வேண்டும்.

வடிகாலுக்குள் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். பின்சுவர் ஓரமாக வளரும் கோரையை வெட்டக் கூடாது என்று குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். அந்தக் கோரை ஆள் உயரத்துக்கு வளர வேண்டும். ஆடி மாத அந்தியில் பால்கனியில் நிற்கும்போது கோழி என் கண்ணில் படவே கூடாது. குரல் மட்டும் கேட்க வேண்டும்.